மனநல ஆலோசகர்கள் எல்லாரிடமும் ஒரே மாதிரிதான் பேசுவார்களா? ஒருவருக்கேற்ற ஆலோசனை என்பது நடைமுறையில் எப்படி இருக்கும்?

ஓர் ஆலோசகரிடம் இரண்டு முறை சென்றும், "எல்லாருக்கும் சொல்வதையே எனக்கும் சொன்னது போல இருந்தது" என்று கேள்வியாளர் எழுதியிருக்கிறார். நான் திருச்சியில் பிறந்து, திருமணமாகித் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்கு வந்தவள். 12 ஆண்டுகளாக இங்கே பதிவுபெற்ற ஆலோசகராகப் பணியாற்றுகிறேன். என்னிடம் தமிழில் பேச விரும்பி வருகிறவர்கள் பெரும்பாலும் இரு சாரார். இங்கேயே பிறந்து, வீட்டுத் தமிழை இன்னும் நாவில் வைத்திருக்கும் முதியவர்கள் ஒரு சாரார். அண்மையில் தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்த இளையவர்கள் மற்றொரு சாரார். கீழே வரும் மூவரின் விவரங்களையும் மாற்றி, ஒருவருடையதை இன்னொருவருடையதோடு கலந்தே எழுதுகிறேன்.

கேள்வியாளரின் வருத்தம் நியாயமானது. அதே வருத்தத்தை நானே ஒருவருக்குத் தந்திருக்கிறேன். தொடக்க ஆண்டுகளில், வேலை போய் உறக்கமில்லாமல் தவித்த ஐம்பது வயதுக்காரர் ஒருவர் வந்தார். 1960களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் உருவாக்கிய அறிதல் சிகிச்சை முறையில், மனம் கலங்கும் நேரத்தில் என்ன நடந்தது, என்ன எண்ணம் வந்தது, அது எவ்வளவு வலித்தது என்று கட்டம் போட்டு எழுதும் தாள் ஒன்று உண்டு. அதைக் கொடுத்து, அடுத்த வாரம் நிரப்பிக்கொண்டு வரச் சொன்னேன். அவர் அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "சரிம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார், பிறகு வரவில்லை. சில மாதங்கள் கழித்து அவரே தொலைபேசியில் அழைத்து, "எழுதுறது எனக்கு வராதும்மா, அன்னைக்கு அதைச் சொல்ல வெட்கமா இருந்தது" என்றார். அந்த முறையில் பிழை இல்லை. எழுதுவது உங்களுக்கு ஒத்துவருமா என்று நான் ஒரு வார்த்தை கேட்காததுதான் பிழை.

இந்த விஷயத்தை ஆழமாகச் சிந்தித்தவர்களில் ஒருவர் இந்த நாட்டுக்காரர் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு. 1932இல் ஜொகன்னஸ்பர்க்கில் பிறந்த உளவியலாளர் ஆர்னால்ட் லாசரஸ், பின்னர் அமெரிக்காவில் குடியேறி, ஒருவரை ஏழு பக்கங்களிலிருந்து பார்க்கும் முறையை வகுத்தார்: நடத்தை, உணர்ச்சி, உடலில் தோன்றும் உணர்வு, மனத்தில் ஓடும் காட்சி, எண்ணம், உறவுகள், உடல்நிலையும் மருந்தும். எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குவது என்பது வருகிறவரைப் பொறுத்தது. ஆலோசகர் உண்மையான பச்சோந்தியாக இருக்க வேண்டும் என்றும் அவர் எழுதினார். தமிழில் பச்சோந்தி என்பது வசைச்சொல் என்பதால் இதைச் சற்று விளக்க வேண்டியிருக்கிறது: ஒருவரிடம் மென்மையாகவும் இன்னொருவரிடம் கறாராகவும், ஒருவரிடம் அதிகம் கேட்டும் இன்னொருவரிடம் அதிகம் சொல்லியும் பழக வேண்டும், ஆனால் எதிலும் பொய்யிருக்கக் கூடாது என்பதே அவர் கருத்து.

டர்பனின் புறநகரான சாட்ஸ்வொர்த்தில் தனியாக வாழும், எழுபதைக் கடந்த ஒரு ஆயாவை மகள் என்னிடம் அழைத்து வந்தார். கணவர் இறந்த பிறகு ஆயா சரியாகச் சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை, யாரிடமும் பேசுவதில்லை. முதல் இரண்டு முறையும் எதிரெதிரே நாற்காலியில் அமர்ந்து நான் கேட்டதற்கெல்லாம் "ஒன்னுமில்ல கண்ணு" என்றே பதில் வந்தது. வெளி ஆள் ஒருத்தி முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்து, "எப்படி உணர்கிறீர்கள்" என்று கேட்டால் அந்தத் தலைமுறைப் பெண் எப்படித்தான் வாய் திறப்பார்? மூன்றாம் முறை நான் சந்தையிலிருந்து ஒரு பை கட்ரா பீன்ஸ் (தோலுரித்துச் சமைக்கும் ஒரு பீன்ஸ் வகை) வாங்கி வந்து, மேசையில் கொட்டி, உரித்துத் தரச் சொல்லிக் கேட்டேன். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்தோம். கட்டைவிரல் நகத்தால் அவர் தோலைக் கீறும் வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை. பாதிப் பை தீர்வதற்குள், பார்வையைக் கிண்ணத்திலிருந்து எடுக்காமலேயே, மேகசின் பேரக்ஸில் தாம் பிறந்த வீட்டைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.

டர்பன் மாநகராட்சியின் இந்தியத் தொழிலாளர்கள் குடியிருந்த இடம் அது. இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த 1950ஆம் ஆண்டின் குழுப் பகுதிகள் சட்டத்தின் கீழ், 1960களில் அங்கிருந்தவர்களையும் கேட்டோ மேனர் போன்ற இடங்களில் இருந்தவர்களையும் சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பினார்கள். லாரியில் சாமான் ஏற்றிய நாளில் பதினெட்டு வயதுப் பெண்ணாக அவர் அழவில்லை. அழ நேரமில்லை என்றார். கணவர் போன பிறகு வீடு வெறிச்சோடியபோது, அந்தப் பழைய நாளும் சேர்ந்தே வந்து நின்றுவிட்டது. "நெஞ்சுல கல்லு இருக்கு" என்று அவர் சொன்னதை நான் "மனச்சோர்வு" என்று மாற்றவில்லை. கடைசிவரை கல் என்றே பேசினோம்: இன்று கல் எவ்வளவு கனம், எந்த நேரத்தில் இலேசாகிறது, யார் வந்தால் நகர்கிறது. அம்மன் கோயிலில் கூழ் காய்ச்சும் நாளில் அது இலேசாகிறது என்று அவரே கண்டுபிடித்தார். மறு மாதம் முதல் கோயில் சமையல்கட்டுக்குப் போகத் தொடங்கினார்.

அதே முறையை லிஃப்டில் ஏற அஞ்சிய இளம் பொறியாளரிடம் கொண்டுபோயிருந்தால் அவர் எழுந்து போயிருப்பார். அவருக்கு எண்ணும் திட்டமும் வேண்டும். ஜொகன்னஸ்பர்க் மருத்துவர் ஜோசப் வோல்பி 1958இல் நூலாக வெளியிட்ட படிப்படியான பயநீக்க முறையையே அவரோடு பின்பற்றினேன். பூச்சியம் முதல் நூறு வரை பயத்துக்கு எண் கொடுத்து, லிஃப்ட் வாசலில் நிற்பது, கதவு திறந்திருக்க உள்ளே நிற்பது, ஒரு மாடி ஏறுவது என்று முன்னேறினோம்.

ஆளுக்கேற்ப மாறாதவையும் உண்டு. ரகசியம் காப்பது எல்லாருக்கும் ஒன்றே; உயிருக்கு ஆபத்து என்றால் அந்த ரகசியத்துக்கு எல்லை உண்டு என்பதையும் முதல் நாளே எல்லாரிடமும் சொல்கிறேன். தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேரடியாகவே கேட்கிறேன். யாருமில்லாதபோது குரல் கேட்கிறது என்று ஒருவர் சொன்னால், பேச்சை மட்டும் நம்பியிராமல் மனநல மருத்துவரிடம் அனுப்புகிறேன். என் பதிவு அனுமதிக்கும் எல்லையும் அதுதான்.

கேள்வியாளருக்குச் சொல்ல வேண்டியது இனிதான் வருகிறது. அமெரிக்க உளவியலாளர்களான ஸ்காட் மில்லரும் பேரி டங்கனும் அவர்களுடைய சகாக்களும் உருவாக்கிய ஒரு சிறிய தாள் இருக்கிறது. அதில் 10 சென்டிமீட்டர் நீளத்தில் நான்கு கோடுகள்: இன்று என் பேச்சு காதில் விழுந்ததா, நான் பேச நினைத்ததைப் பேசினோமா, இந்த அணுகுமுறை எனக்குப் பொருந்துகிறதா, மொத்தத்தில் எப்படி. ஒவ்வொரு சந்திப்பின் முடிவிலும் வந்தவரே கோட்டில் குறியிடுவார். நான்கையும் கூட்டினால் அதிகபட்சம் 40; அது 36க்குக் கீழே போனால் என்ன குறை என்று ஆலோசகர் உடனே கேட்க வேண்டும். எழுத வராதவர்களிடம் நான் இதை வாய்மொழியாகவே கேட்கிறேன். நம்மவர்கள் மரியாதைக்காக முழு மதிப்பெண் போட்டுவிடுவார்கள் என்பதால், "எது பிடிக்கவில்லை என்று சொன்னால்தான் எனக்கு உதவி" என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

ஆகவே மூன்றாம் முறையும் போங்கள். இங்கே எழுதிய அதே வாக்கியத்தை அவர் முன்னால் சொல்லுங்கள். எழுதுவது பிடிக்குமா, பேசுவது பிடிக்குமா, அறிவுரை வேண்டுமா, வெறுமனே கேட்க ஒருவர் வேண்டுமா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவர் நாற்காலியைச் சற்று முன்னே இழுத்து, "அப்படியானால் உங்களுக்கு எப்படி இருந்தால் நன்றாக இருக்கும்?" என்று கேட்டால், அவரிடமே தொடருங்கள். முகம் சுருங்கி, தம் முறையே சரி என்று வாதாடினால், தயங்காமல் வேறொருவரைத் தேடுங்கள்.