வெள்ளத்தில் மூழ்கிய காரை ஸ்டார்ட் செய்தால் இன்சூரன்ஸ் கிடைக்காதா?

2021 நவம்பர் மழை போல இன்னொன்று வந்து, கன்னியாகுமரி மாவட்டம் குழித்துறை பக்கம் வீட்டு முற்றத்தில் நின்ற கார் மூழ்கினால் என்ன ஆகும்? முழுக் காப்பீடு இருந்தால் வெள்ளச் சேதத்துக்குப் பணம் உண்டு. சிக்கல் இன்ஜினில்தான்.

தண்ணீர் வடிந்ததும் பதற்றத்தில் சாவியைத் திருப்பிவிடுகிறோம். ஒரு சிரிஞ்சின் நுனியை விரலால் அடைத்து அழுத்திப் பாருங்கள். உள்ளே காற்று இருந்தால் அமுங்கும், தண்ணீர் இருந்தால் அசையாது. இன்ஜினுக்குள் தண்ணீர் புகுந்திருந்தாலும் அதேதான். உள்ளே மேலும் கீழும் போய்வரும் பிஸ்டன் மேலே வர முடியாமல், அதைத் தள்ளும் கனெக்டிங் ராடு என்ற தண்டு வளைந்துவிடும். இதைப் 'பின்விளைவு நஷ்டம்' என்பார்கள். அதாவது வெள்ளம் நேரடியாகச் செய்யாமல், அதற்குப் பிறகு நாம் செய்த காரியத்தால் வந்த சேதம். இன்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவு பாலிசியில் இல்லையென்றால் இதற்குப் பெரும்பாலும் பணம் தர மாட்டார்கள்.

அதனால் தயவுசெய்து சாவியைத் தொடாதீர்கள். தண்ணீர் நின்ற மட்டம் தெரியும்படி போட்டோ எடுங்கள், இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லுங்கள், அப்புறம் வண்டியைக் கட்டி இழுத்தே ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோங்கள்.

சட்டப்படி கட்டாயமான மூன்றாம் நபர் காப்பீடே இதற்கும் போதும் என்று பலர் நம்புகிறார்கள். அது நம் வண்டியால் அடுத்தவருக்கு நேரும் பாதிப்புக்கு மட்டும்தான், வெள்ளத்தில் கெட்ட நம் காருக்கு அதில் ஒரு பைசாவும் வராது.