பழைய கார்டில் கையெழுத்து வாங்கலாமா?

அன்புள்ள சார்,

நியூஜெர்சியில் எடிசனில் இருக்கிறேன். எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் முதியோர் குடியிருப்புக்குப் போகும்போது, சிறுவயதில் அவர் சேர்த்த, ஆட்டக்காரர்களின் படம் அச்சிட்ட பேஸ்பால் கார்டுகளை ஒரு ஷூ பெட்டியோடு என் மகளிடம் கொடுத்துவிட்டுப் போனார். அவள் பள்ளியில் சாஃப்ட்பால் ஆடுகிறாள், அதனால் அவள்மேல் அவருக்குத் தனிப் பிரியம். பெட்டியில் இருப்பவை பெரும்பாலும் டாப்ஸ் நிறுவனம் 1956இல் வெளியிட்டவை. முனை மழுங்கியவை, மடிந்தவை, இரண்டு மூன்று தடவை வரும் கார்டுகள் எல்லாம் உண்டு. முழு செட் 340 என்று தெரிந்துகொண்டோம். பாதிக்கு மேல் கையில் இருப்பதால் மீதியையும் சேர்த்துவிடலாம் என்று அப்பாவும் மகளும் இறங்கிவிட்டோம்.

சமீபத்தில் ஒரு கார்டு ஷோவுக்குப் போனோம். ஒருவர், "உயிரோடு இருக்கும் ஆட்டக்காரர்களிடம் இப்போதே கையெழுத்து வாங்கிவிடுங்கள், அப்புறம் கிடைக்காது" என்றார். அடுத்த மேசைக்காரர், "பழைய கார்டில் பேனா பட்டால் போச்சு" என்றார். மகளுக்கோ அவர்களுக்கெல்லாம் கடிதம் எழுதியே ஆகவேண்டும். நீங்கள் இந்தக் கார்டுகளைப் பற்றி எழுதியிருப்பதால் கேட்கிறேன். யார் சொல்வது சரி? எங்களிடம் பெரிய நட்சத்திரமான மிக்கி மான்ட்டிலின் கார்டு இல்லை. வாங்குவதுதான் வாங்குகிறோம், அவர் கையெழுத்தோடு வாங்கலாமா?

அன்புடன்
சு.

அன்புள்ள சு.,

இரண்டு மேசைக்காரர்களும் அவரவர் சரக்குக்கு ஏற்றபடி பேசியிருக்கிறார்கள். முதல் மேசையில் கையெழுத்துப் போட்ட கார்டுகளும் இரண்டாவது மேசையில் கிரேடிங் ஆகி (நிலையைப் பார்த்து மதிப்பெண் போட்டு) பிளாஸ்டிக் உறைக்குள் இருப்பவையும் அடுக்கியிருந்தன என்று பந்தயம் கட்டுவேன்.

நான் சொல்வது இது. செட்டுக்கென்று எடுத்துவைத்த கார்டை யாரிடமும் நீட்டாதீர்கள். இரண்டாவது பிரதி இருந்தால் அதைத் தாராளமாகக் கொடுங்கள்.

விலைக்காக இதைச் சொல்லவில்லை. செட் சேர்ப்பது முடியக்கூடிய வேலை. 340 வந்தால் முடிந்தது. அந்த நாளுக்காகத்தான் இவ்வளவு தேடலும். கையெழுத்து அப்படி முடிவதில்லை. உங்கள் செட்டின் முதல் கார்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் இருப்பவர் ஆட்டக்காரர்கூட இல்லை, அமெரிக்கன் லீகின் தலைவர் வில்லியம் ஹாரிட்ஜ். 1971இல் போய்விட்டார். இரண்டாவது கார்டில் நேஷனல் லீகின் தலைவர் வாரன் கைல்ஸ், அவர் போனது 1979இல். நடுநடுவே முழு அணியும் வரிசையாக நிற்கும் படங்கள் வரும். அவற்றில் யாரிடம் போய்க் கையெழுத்து கேட்பது? கில் ஹாட்ஜஸ், ஜாக்கி ராபின்சன், ராபர்ட்டோ கிளமென்டே மூவரும் இந்த செட்டில் இருக்கிறார்கள், மூவரும் 1972 என்ற ஒரே ஆண்டில் இறந்தார்கள். ஹாட்ஜஸ் ஏப்ரலில், ராபின்சன் அக்டோபரில். நிலநடுக்கத்தால் பாதிக்கப்பட்ட நிகரகுவாவுக்கு நிவாரணப் பொருள் ஏற்றிப்போன விமானம் கடலில் விழுந்து கிளமென்டே டிசம்பர் 31 அன்று. இவர்கள் தங்கள் 1956 கார்டிலேயே போட்ட கையெழுத்து அபூர்வம். வந்தாலும் நீங்களும் நானும் தொடமுடியாத விலைக்குப் போகும்.

மற்ற ஆண்டுகளும் இப்படித்தான். 1955 டாப்ஸில் பாஸ்டன் ரெட் சாக்ஸின் ஹாரி அகானிஸ் இருக்கிறார். கார்டு கடைக்கு வந்த அதே ஆண்டு ஜூனில், 26 வயதில், நுரையீரலில் ரத்தம் உறைந்து இறந்துபோனார். அந்தக் கார்டில் கையெழுத்துப் போட அவருக்குக் கிடைத்தது சில மாதங்கள். 1964 டாப்ஸில் சிகாகோ கப்ஸின் கென் ஹப்ஸுக்கு அந்தச் சில மாதங்களும் இல்லை. பிப்ரவரியில் யூட்டாவில் அவரே ஓட்டிய சிறுவிமானம் விழுந்தது. 550ஆம் எண் கார்டு அவருக்கு அஞ்சலியாகவே அச்சானது. அந்த ஆண்டு செட்டை முழுக்கக் கையெழுத்தோடு வைத்திருப்பதாக யாராவது சொன்னால் 550ஐக் காட்டச் சொல்லுங்கள்.

இது தெரிந்தே, கிடைத்தவரை கையெழுத்தோடு ஒரு செட்டைச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு பெயருக்காகப் பல ஆண்டுகள் காத்திருப்பார்கள். அவர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் உங்கள் வீட்டில் நடப்பது அதுவல்ல. நீங்கள் செய்யப்போவது இருக்கிற செட்டில் பத்துப் பதினைந்து கார்டுகளில் மட்டும் மை ஏற்றுவது. அது ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால். ஆல்பத்தைப் புரட்டும்போது அந்தப் பத்துப் பதினைந்தும்தான் கண்ணில் உறுத்தும். (ஆல்பம் என்றதும் நினைவுக்கு வருகிறது: 1956 கார்டு இப்போதைய கார்டைவிடப் பெரிது, ஒன்பது கார்டு செருகும் ஒன்பது அறைத் தாளில் திணித்தால் முனை மடங்கும். எட்டு அறைத் தாள் என்று கேட்டு வாங்குங்கள்.)

1956க்கென்றே இன்னொரு காரணமும் இருக்கிறது. ஒரு கார்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். அகலவாக்கில் படம், ஒரு பக்கம் பெரிதாக முகம், பின்னணியில் அதே ஆள் ஓடுவதோ பிடிப்பதோ பந்தை அடிப்பதோ. அதன்மேல் ஏற்கனவே ஒரு கையெழுத்து ஓடுகிறது, அச்சில் வந்தது. டாப்ஸ் அப்போது பல ஆண்டுகள் இப்படிச் செய்தது. உண்மையான கையெழுத்துக்கு அதில் இடமே இல்லை. முகத்தின்மேல் போட்டால் முகம் போகும், பின்னணியில் போட்டால் அச்சுக் கையெழுத்தோடு பின்னிக்கொள்ளும். கறுப்பு ஷார்ப்பி மார்க்கர் அடர்ந்த வண்ணத்தில் காணாமலே போய்விடும். 1957இல் வந்த கார்டுகளில் அச்சுக் கையெழுத்து இல்லை, முழு வண்ணப் புகைப்படம். கையெழுத்துக்காரர்களுக்கு அது எவ்வளவோ தோதானது. உங்கள் பெட்டியில் 1957 கொஞ்சம் கலந்திருந்தால் அவற்றைத் தனியே எடுத்து வையுங்கள்.

அந்தப் பின்னணிப் படங்களை முழுதாக நம்பவும் வேண்டாம். ஹாங்க் ஆரன் கார்டில் ஹோம் பிளேட்டை நோக்கிச் சறுக்குவது உண்மையில் வில்லி மேஸ் என்ற இன்னொரு ஆட்டக்காரர். டாப்ஸ் ஓவியர்கள் மேஸின் படத்தை எடுத்து ஒட்டுப்போட்டிருக்கிறார்கள். ஆரன் அந்தக் கார்டில் கையெழுத்திட்டபோதெல்லாம் பாதி மேஸின்மேல்தான் போட்டிருக்கிறார்.

மதிப்புக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பி.எஸ்.ஏ. போன்ற கிரேடிங் நிறுவனங்களுக்கு, கார்டின்மேல் எழுத்து இருந்தால் அது குறை. 'எம்.கே.' என்று குறித்துவிடுவார்கள். 1956 செட்டோடு எண்ணில்லாத இரண்டு செக்லிஸ்ட் கார்டுகள் (செட்டில் உள்ள கார்டுகளின் பட்டியல்) வந்தன. பையன்கள் கையில் கிடைத்த கார்டுக்கெல்லாம் பென்சிலால் டிக் அடித்தார்கள், அதற்காகத்தானே அச்சடித்தார்கள்? இன்று டிக் அடிக்காத செக்லிஸ்டுக்குத்தான் விலை. கையெழுத்து என்றால் அதற்குத் தனிக் கணக்கு, நிஜம் என்று சான்று வாங்கித் தனி மதிப்பெண் போடுவார்கள். மொத்தத்தில், பளபளப்பான நல்ல கார்டுக்கு மை நஷ்டம். முனை மழுங்கி மடிந்த கார்டுக்கு நஷ்டம் என்று ஒன்றும் இல்லை, பெரும்பாலும் கொஞ்சம் ஏறவே செய்யும். உங்கள் பெட்டி இரண்டாவது ரகம் என்பதால் அந்தக் கவலையை விடுங்கள்.

உங்கள் மகளின் கடிதங்களுக்கு வருகிறேன், எனக்குப் பிடித்த பகுதியே இதுதான். இந்த செட்டில் இருப்பவர்களில் மிகச் சிலரே இன்று நம்மோடு இருக்கிறார்கள். அப்போது இருபது வயதுப் பையன்களாக இருந்தவர்களுக்கே இப்போது தொண்ணூறு ஆகிறது. பெரிய நட்சத்திரங்களுக்கு எழுதிப் பயனில்லை. கட்டணம் கேட்பார்கள், இல்லை பிரிக்காமல் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இரண்டு மூன்று சீசன் மட்டும் ஆடிவிட்டு ஊர் திரும்பி வேறு வேலைக்குப் போனவர்கள் இருக்கிறார்களே, வியாபாரிகள் 'காமன்' என்று ஒதுக்கும் ஆட்டக்காரர்கள், அவர்களுக்கு எழுதச் சொல்லுங்கள். அவர்களில் பலர் பதில் போடுவார்கள். சிலர் நாலு வரி சேர்த்தும் எழுதுவார்கள்.

முதலில் ஆள் இருக்கிறாரா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்; இறந்தவர் பெயருக்குக் கடிதம் போனால் பிரித்துப் படிப்பது அவர் மனைவியாகவோ மகளாகவோ இருக்கும். கடிதம் கையால் எழுதியதாக இருக்கட்டும், ஒரு பக்கத்துக்குள். ஒரு கார்டுக்கு மேல் வைக்கவேண்டாம், அதுவும் தொலைந்தால் வருத்தப்படாத பிரதி. கூடவே ஒரு வெள்ளை இண்டெக்ஸ் கார்டும், ஸ்டாம்ப் ஒட்டி உங்கள் முகவரி எழுதிய உறையும். கை நடுங்குகிறவருக்கு வழவழப்பான கார்டைவிட வெள்ளைத் தாள் சுலபம், அதில் போட்டதைக் கார்டுக்குப் பக்கத்து அறையில் வைத்துக்கொள்ளலாம். செட்டும் கெடாது. வந்த கையெழுத்தைக் கார்டில் அச்சான கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சுழித்து இழுத்த அதே முதல் எழுத்து எழுபது ஆண்டு கழித்தும் வரும், மீதி எழுத்துகள் சுருங்கியிருக்கும். பேனா நீல பால்பாயிண்ட் போதும். ஷார்ப்பி என்றால் மெல்லிய முனை. வெயில் படும் இடத்தில் வைத்தால் வெளிறிவிடும்.

மான்ட்டில் விஷயத்தில் என் பதில் வேண்டாம் என்பதே. 1995இல் இறக்கும்வரை ஷோ ஷோவாகப் போய் அவர் ஏராளமாகக் கையெழுத்திட்டார், ஆகவே நிஜமானவை உண்டு. அதே அளவுக்குப் போலியும் உண்டு. 1990களில் எஃப்.பி.ஐ. 'ஆபரேஷன் புல்பென்' என்ற பெயரில் கலிபோர்னியாவில் ஒரு கள்ளக் கையெழுத்துக் கும்பலைப் பிடித்தது. மான்ட்டில் அவர்களுக்குத் தினசரிச் சரக்கு. அன்னை தெரசா கையெழுத்திட்ட பேஸ்பால்கூட அவர்களிடம் இருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். சான்றுள்ள மான்ட்டில் வாங்கும் பணத்தில் உங்கள் செட்டின் மீதிக் கார்டுகளில் பெரும்பகுதியை வாங்கிவிடலாம்.

ஆகவே மான்ட்டிலின் கார்டான 135ஆம் எண்ணை மை இல்லாமல் தேடுங்கள். குறுக்கே ஒரு மடிப்பு இருந்தால் விலை நன்றாக இறங்கும், உங்கள் பெட்டியின் மற்ற கார்டுகளுக்கும் பொருந்தும். மடிப்பு முகத்தின்மேல் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 1 முதல் 180 வரையான கார்டுகள் பின்பக்கம் சாம்பல், வெள்ளை என்று இரண்டு அட்டையிலும் வந்தன. உங்கள் பெட்டியில் எது அதிகமோ அதையே கேளுங்கள்.

அன்புடன்.