தொலைநோக்கி புதிதாக வாங்கியிருக்கிறேன். எந்த இலவச மென்பொருள், எந்தப் பாட்காஸ்ட் உதவும்?

இப்படிக் கேட்டாலே இருபது பெயரை அடுக்கிவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். அத்தனையையும் இறக்கி, ஒன்றையும் ஒழுங்காக அமைக்காமல், "காட்டுகிற இடத்தில் வியாழனைக் காணோமே" என்று நிற்பதில் பயனில்லை. ஆரம்பத்துக்கு ஸ்டெல்லேரியம் என்ற வான்வரைபட மென்பொருள் ஒன்று போதும். கணினிப் பதிப்பைச் சொல்கிறேன், அது முழுக்க இலவசம். (இன்னொரு வான்வரைபட மென்பொருளான கார்ட் து சியெலின் ரசிகர்கள் சண்டைக்கு வரவேண்டாம். வரைபடத்தை அச்சிட்டு எடுத்துப்போக அது நல்லதுதான்.)

நிறுவியதும் எஃப்6 அழுத்தி ஊரையும் நேர மண்டலத்தையும் பாருங்கள். பலர் கோட்டை விடுவது இங்கேதான். தீர்க்கரேகை ஒரு பாகை பிசகினால் நான்கு நிமிட வித்தியாசம்தான், பக்கத்து ஊரைக் கொடுத்தாலும் பாதகமில்லை. நேரம் ஒரு மணி பிசகினால் வானமே 15 பாகை சுற்றிக்கொள்ளும்.

அடுத்து எஃப்2, அதில் செருகுநிரல்கள் (பிளகின்) பகுதியில் 'ஆக்குலர்ஸ்'. உங்கள் தொலைநோக்கியில் தெரிவதைத் திரையில் காட்டுவது அது. தொடக்கத்திலேயே ஏற்றும்படி குறித்துவிட்டு மென்பொருளை மூடித் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் வராது. உங்கள் தொலைநோக்கியின் குவியத்தூரம், விட்டம், கண்ணருகு வில்லையின் (ஐபீஸ்) குவியத்தூரம், அதன் தோற்றப் புலம் (வில்லை வழியே கண்ணுக்குத் தெரியும் வட்டத்தின் கோண அகலம்) எல்லாவற்றையும் கொடுங்கள். 1200 மி.மீ. குழாயில் 25 மி.மீ. வில்லை என்றால் 48 மடங்கு. தோற்றப் புலம் 50 பாகை என்றால் வானத்தில் கண்ணில் படுவது ஏறக்குறைய ஒரு பாகை, அதாவது இரண்டு முழு நிலா அகலம். பொருளைத் தேர்ந்து கன்ட்ரோல்+ஓ அழுத்தினால் அந்த வட்டம் அப்படியே திரையில் வரும். நியூட்டோனியன் (கண்ணாடித் தொலைநோக்கி) என்றால் கிடைமட்டம், செங்குத்து இரண்டையும் புரட்டும்படி குறியுங்கள். 90 பாகை கண்ணாடி மூலை (டயகனல்) பொருத்திய வில்லைத் தொலைநோக்கிக்குக் கிடைமட்டம் மட்டும். இதைச் செய்யாமல் விண்மீன்களை ஒப்பிட்டால் இடவலம் மாறித் தலை சுற்றும்.

இரவில் கன்ட்ரோல்+என் அழுத்தித் திரையைச் சிவப்பாக்குங்கள், வெளிச்சத்தையும் குறையுங்கள். இருட்டுக்குக் கண் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும், ஒரு வெள்ளைத் திரை நொடியில் அதைக் கெடுத்துவிடும். சில கைபேசிச் செயலிகள் நடுராத்திரியில் பளீரென்று விளம்பரம் காட்டுகின்றன. வானம் பார்க்கிறவனுக்கு என்று செயலி செய்கிறவர்களுக்கு இதுகூடவா தெரியாது? கேட்டால் "இலவசம்தானே" என்பார்கள்.

படம் எடுக்கிற ஆசை வந்தால் சிரில், பல படங்களை ஒன்றாக அடுக்கித் தெளிவாக்கும் இலவச மென்பொருள். லைட்ஸ் (lights, வானத்தை எடுத்த படங்கள்), டார்க்ஸ் (darks, மூடி போட்டு எடுத்தவை), ஃப்ளாட்ஸ் (flats, சீரான வெளிச்சத்தை எடுத்தவை), பயாசஸ் (biases, மூடி போட்டு மிகக் குறைந்த நேரத்தில் எடுத்தவை) என்று நான்கு கோப்புறைகள், பெயர்களை ஆங்கிலச் சிறிய எழுத்தில் பிழையின்றி இடுங்கள், இல்லாவிட்டால் எல்லாவற்றையும் தானாகச் செய்யும் ஸ்கிரிப்ட் நின்றுவிடும். டார்க் படத்தின் ஒளிபடு நேரமும் ஐஎஸ்ஓவும் (கேமராவின் ஒளியுணர்வு அளவு) லைட் படத்தினுடையதாகவே இருக்க வேண்டும். அடுக்கி முடித்ததும் படம் கன்னங்கரேலென்று வரும், பதற வேண்டாம். கீழே 'லீனியர்' என்றிருப்பதை 'ஆட்டோஸ்ட்ரெட்ச்' ஆக்கினால் தெரியும். கோள்களுக்கு இது வேண்டாம். காணொளி எடுத்து, அதன் நல்ல சட்டகங்களைப் பொறுக்கி அடுக்கும் ஆட்டோஸ்டாக்கர்ட் மென்பொருளில் போடுங்கள். வியாழன் பத்து மணி நேரத்துக்குள் ஒரு சுற்றுச் சுற்றிவிடும், அதனால் இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் ஓடவிட்டால் பட்டைகள் மங்கும்.

பாட்காஸ்டில் 'அஸ்ட்ரானமி காஸ்ட்'. ஃப்ரேசர் கெயினும் பமேலா கேயும் 2006 முதல் நடத்துவது. ஒரு பகுதிக்கு ஒரே தலைப்பு என்பதால் பழையதையும் கேட்கலாம். 'ஸ்கை டூர்' மாதாமாதம் என்ன தெரியும் என்று சொல்வது, அதில் போன வருடத்துப் பகுதி உதவாது, கோள்கள் இடம் மாறியிருக்கும். வட அமெரிக்காவை மனதில் வைத்துப் பேசுவதால் "தெற்கே தாழ்வாக" என்றால் உங்கள் ஊரில் அது நன்றாக உயரத்தில் இருக்கலாம். ஸ்டெல்லேரியத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.