தோற்ற கட்சி எழுவது எப்படி? கேள்வி பதில்

கேள்வி: ஐயா, எங்கள் கட்சியின் ஓட்டு பெரிதாகக் குறையவில்லை. ஆனாலும் ஆட்சி போய்விட்டதே?

பதில்: எதிரே சிதறிக் கிடந்த ஓட்டு ஒன்று சேர்ந்தாலே போதும், ஆட்சி போய்விடும். 1967-இல் தமிழ்நாட்டில் காங்கிரஸ் 41 சதவீதம் வாங்கியது. திமுக வாங்கியது அதைவிடக் கொஞ்சம் குறைவுதான். அரிசித் தட்டுப்பாடு, இந்தி எதிர்ப்புப் போராட்டம் எல்லாம் காரணம்தான். ஆனால் சுதந்திரா, மார்க்சிஸ்ட், முஸ்லிம் லீக் என்று திமுக கட்டிய கூட்டணியால்தான் அந்தக் கோபம் இடங்களாக மாறியது. காமராஜரே விருதுநகரில் தோற்றார். நம் பக்கத்து ஓட்டு உடைந்தாலும் இதே கதிதான். கனடாவில் 1993-இல் ஆளுங்கட்சியே 2 இடத்துக்குச் சுருங்கியது. வலதுசாரி ஓட்டு உடைந்தது முக்கியக் காரணம். பிரிந்து நின்றவர்கள் 2003-இல் இணைந்தார்கள், 2006-இல் ஆட்சிக்கு வந்தார்கள்.

கேள்வி: தலைவரை மாற்றினால் சரியாகிவிடுமா?

பதில்: மாற்றாமலே மீண்டதும் உண்டு. 1996-இல் அதிமுகவுக்கு 4 இடம்தான்; ஜெயலலிதாவும் பர்கூரில் தோற்றார். 2001-இல் அதே தலைமையில் 132 இடம். தமாகா (தமிழ் மாநில காங்கிரஸ்), பாமக, காங்கிரஸ், இடதுசாரிகள் எல்லாம் பக்கத்தில் வந்திருந்தார்கள்.

கேள்வி: அண்ணா, தோற்றதும் முதல் வேலை என்ன?

பதில்: தேர்தல் முடிவுத் தாளான படிவம் 20-ஐ எடுங்கள் தம்பி. வாக்குச்சாவடி வாரியாக யாருக்கு எத்தனை ஓட்டு என்று அதில் இருக்கும். போன தேர்தலின் தாளையும் பக்கத்தில் வையுங்கள். சாவடி எண் மாறியிருக்கலாம், தெருப் பெயரைப் பார்த்துப் பொருத்துங்கள். எங்கே சரிந்ததோ அங்கே நேரில் போங்கள்.

நான் பூத் ஏஜென்டாக உட்கார்ந்த நாட்களில், வாக்காளர் பட்டியலில் ஸ்கேல் வைத்து, வந்தவர் பெயரை ஒவ்வொன்றாக அடிப்போம். மதியம் மூன்று மணிக்கு அடிபடாத பெயர்களைப் பார்த்தால் நம்மவர் யார் வரவில்லை என்று தெரிந்துவிடும். ஒருமுறை, பரம்பரையாக எங்களுக்கே போடும் ஒரு வீட்டில் ஒரு பெயர்கூட அடிபடவில்லை. ஆள் அனுப்பினோம். "அஞ்சு வருசமா தெரியாத வழி இன்னைக்கு மட்டும் தெரிஞ்சுதா?" என்று கேட்டிருக்கிறார் அந்த வீட்டு அம்மா. முடிவு என்னவென்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அவர்கள் எதிர்க்கட்சிக்கும் போடவில்லை, வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். இவர்களைத் திரும்ப அழைத்து வருவதுதான் முதல் வேலை. அதற்குக் கிளைச் செயலாளர்தான் போக வேண்டும், மேடைப் பேச்சாளர் போய்ப் பயனில்லை.

கேள்வி: மீண்டு வர எத்தனை வருடம் ஆகும்?

பதில்: அதிமுகவுக்கு ஐந்து வருடம். பிரிட்டனின் தொழிற்கட்சி 1979 முதல் நான்கு பொதுத்தேர்தல்களில் தோற்று, 1997-இல்தான் வந்தது. நடுவில் வரும் உள்ளாட்சித் தேர்தலை மட்டும் விட்டுவிடாதீர்கள். பூத்தில் ஸ்கேலோடு உட்காரும் ஆள் அங்கேதான் கிடைப்பார்.