ஸகாத்தை யார் கையில் கொடுப்பது?

அஸ்ஸலாமு அலைக்கும் நானா,

நான் தெஹிவளையில் இருக்கிறேன். கணவருக்குக் கட்டாரில் வேலை. ஒவ்வொரு ரமழானிலும் கடைசிப் பத்தில் எங்கள் கேற்றுக்கு முன்னால் ஆட்கள் வந்து நிற்பார்கள். வாப்பா இருந்த காலத்திலிருந்தே இது வழக்கம். வருடத்துக்கு ஒருமுறை ஏழைகளுக்குக் கொடுக்க வேண்டிய கடமையான ஸகாத் பணத்தை நோட்டாக மாற்றி வைத்துக்கொண்டு ஆளுக்கு ஐந்நூறு, ஆயிரம் என்று கொடுப்போம். இந்த முறை முழுவதையும் ஒரு முஸ்லிம் தொண்டு நிறுவனத்தின் கணக்கில் போட்டுவிடு, அவர்கள் நம்பிக்கையானவர்கள் என்று கணவர் சொல்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. என் கையால் கொடுத்தால் கொடுத்தது தெரியும். கணக்கில் போட்டால் யாருக்குப் போனது என்று எப்படித் தெரியும்? அவர்கள் ஏதாவது பிழை செய்தால் என் கடமை நிறைவேறுமா? என் ஸகாத் வருடம், ரமழானுக்கு இரண்டு மாதம் முந்திய ரஜபில் முடிகிறது. ரமழான் வரை வைத்திருந்துதான் கொடுத்து வருகிறேன். இன்னொன்று: தங்கையின் கணவருக்கு ஒரு வருடமாக வேலை இல்லை. அவளுக்குக் கொடுக்கலாமா? என் பெயரைப் போட வேண்டாம்.

ஒரு வாசகி

அன்புச் சகோதரிக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். நான் உங்கள் கணவரின் பக்கம்தான். ஆனால் கணக்கில் போட்டதோடு உங்கள் வேலை முடிந்துவிடும் என்று அவர் நினைத்தால், அதில் அவரோடு எனக்கு உடன்பாடில்லை.

'என் கையால் கொடுத்தால் கொடுத்தது தெரியும்' என்கிறீர்கள். கேற்றுக்கு வந்து நிற்கக்கூடியவர் வந்தார், வாங்கிக்கொண்டு போனார் என்பது மட்டும்தான் உங்களுக்குத் தெரியும். வர முடியாதவர் யார் என்று தெரியுமா? புருஷன் மௌத்தாகி நான்கு மாதம் பத்து நாள் இத்தா என்று வீட்டோடு இருக்கிற பெண் வரமாட்டாள். டயலிசிஸுக்குப் போய்வந்து படுத்துக் கிடப்பவர் வரமாட்டார். போன வருடம் வரைக்கும் தானே கடை வைத்திருந்து, இப்போது கடனில் மூழ்கியிருக்கிறவர் நிச்சயமாக வரமாட்டார். குர்ஆனில் சூரா பகராவின் 273ஆம் வசனம் இவர்களைப் பற்றித்தான் பேசுகிறது. அவர்கள் கேட்காமல் இருக்கிற பேணுதலைப் பார்த்து, விவரம் தெரியாதவன் அவர்களை வசதியுள்ளவர்கள் என்று எண்ணிக்கொள்வான் என்கிறது. கேற்றில் நின்று கொடுக்கிற நாம் எல்லோரும் அந்த விவரம் தெரியாதவனின் இடத்தில்தான் இருக்கிறோம். இவர்களைத் தேடிக் கண்டுபிடிக்க, தெருத்தெருவாகப் போய் விசாரிக்கிற ஆட்கள் வேண்டும். தனியாள் ஒருவரால் ஆகிற காரியமில்லை.

வந்து நிற்கிறவர்களையும் நாம் என்ன பாடு படுத்துகிறோம் என்று யோசித்துப் பாருங்கள். 2020 மே 21 கொழும்பு மாளிகாவத்தையில் நடந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். கொரோனா முடக்கத்தில் கூலி வேலைக்காரர்களின் வீடுகளில் அடுப்பெரியாத நாட்கள் அவை. பெருநாளைக்கு இரண்டு மூன்று நாள்தான் இருந்தது. ஒரு வர்த்தகர் பணம் பகிர்கிறார் என்று கேள்விப்பட்டு மக்கள் கூடினார்கள். நெரிசலில் மூன்று பெண்கள் மிதிபட்டு இறந்துபோனார்கள். கொடுக்க நினைத்தவரின் நிய்யத்தை, நல்ல எண்ணத்தை, நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் ஸகாத் அந்தப் பெண்களுக்கு அல்லாஹ் எழுதிவைத்த உரிமை. தன் உரிமையை வாங்குவதற்கு ஒருத்தி ஏன் வரிசையில் நிற்க வேண்டும், ஏன் முண்டியடிக்க வேண்டும்? கடன் கொடுத்தவர் தன் பணத்தைக் கேட்டு நம் கேற்றில் மணிக்கணக்காகக் காத்து நின்றால் நமக்கு வெட்கமாக இருக்காதா?

அப்புறம், தொகை. ஒருவரின் சேமிப்பு எண்பது இலட்சம் என்றால் ஸகாத் இரண்டு இலட்சம். அதை ஐந்நூறு ஐந்நூறாகப் பிரித்தால் நானூறு பேருக்குப் போகும். நானூறு பேரும் இரண்டு கிலோ அரிசியோடு வீட்டுக்குப் போவார்கள். அடுத்த வருடம் அதே நானூறு பேர் அதே கேற்றில் வந்து நிற்பார்கள். ஸகாத்தின் நோக்கம் இதுவல்ல என்பதை நான் படித்துத் தெரிந்துகொண்டதைவிட நேரில் பார்த்துத் தெரிந்துகொண்டதுதான் அதிகம்.

கிராண்ட்பாஸ் பக்கத்தில் பலரின் ஸகாத்தைச் சேர்த்துக் கொடுக்கிற, ஒரு பள்ளிவாசலின் கூட்டு ஸகாத் குழுவோடு வீடு பார்க்கப் போயிருந்தேன். இடியாப்பம் அவித்துக் கொடுத்துப் பிழைக்கிற ஒரு தாய் அங்கே இருந்தார். சின்ன வீடு, சுவரோரம் இடியாப்பத் தட்டுகள் கழுவி அடுக்கியிருந்தன. விடியற்காலை மூன்று மணிக்கு எழும்புவாராம். நன்றாக உழைக்கிறார், பிறகு ஏன் கஷ்டம் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. குழுவில் வந்த ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் தரையில் உட்கார்ந்து, சீஆர் கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்கத் தொடங்கினார். மா எங்கே வாங்குகிறீர்கள்? தெருமுனைக் கடையில், கடனுக்கு. இடியாப்பம் யாருக்குக் கொடுக்கிறீர்கள்? அதே கடைக்கு. விலை யார் சொல்கிறார்? அந்த முதலாளிதான். வேறு ஹோட்டலுக்குக் கொடுத்தால் கூட வரும், ஆனால் கொடுக்க முடியாது. கடன் கொப்பியில் பழைய பாக்கி கிடக்கிறதே. காஸ் முடிந்தால் அதற்கும் அதே முதலாளியிடம் கை நீட்ட வேண்டும்.

வாத்தியார் கூட்டிப் பார்த்தார். பழைய பாக்கி, ஒரு மாதத்துக்கான மா, இன்னொரு காஸ் சிலிண்டர், தேய்ந்துபோன இடியாப்ப உரலுக்குப் பதிலாக ஒன்று. மொத்தத்தில் ஒரு நடுத்தரக் குடும்பம் பெருநாள் உடுப்புக்குச் செலவழிக்கிற காசு. ஸகாத்தில் கடனாளிக்குள்ள பங்கு, ஏழைக்குள்ள பங்கு இரண்டுமே அவருக்கு உரியதாக இருந்தது. பணத்தை அவர் பெயரிலேயே கொடுத்தார்கள். படம் எடுக்கவில்லை. பிறகு விசாரித்தபோது அந்தத் தாய் மூன்று இடங்களுக்கு இடியாப்பம் கொடுத்துக்கொண்டிருந்தார். விலையை அவரே சொல்கிறார். அவருக்குத் தேவைப்பட்டது இரக்கமல்ல, அந்தக் கொப்பியிலிருந்து விடுதலை. ரமழானில் பத்து வீட்டு வாசலில் ஐந்நூறு ஐந்நூறாக வாங்கியிருந்தால் அது கிடைத்திருக்குமா?

இதைப் புதுமுறை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 13ஆம் நூற்றாண்டில் டமஸ்கஸில் வாழ்ந்த நம் மார்க்கச் சட்டப் பிரிவான ஷாபி மத்ஹபின் இமாம் நவவி, மஜ்மூஃ என்ற நூலில் இதைத்தான் விரித்து எழுதியிருக்கிறார். தொழில் தெரிந்தவனுக்கு அவன் தொழிலின் கருவிகளை வாங்குகிற அளவு கொடுக்க வேண்டும், அதன் விலை குறைவாக இருந்தாலும் சரி, கூடுதலாக இருந்தாலும் சரி என்கிறார். கீரை விற்பவனுக்கு ஐந்து அல்லது பத்து திர்ஹம், இரத்தின வியாபாரிக்குப் பத்தாயிரம் திர்ஹம் என்று உதாரணமும் சொல்கிறார். அவரவர் நிலைக்கு ஏற்ப, அவரவர் காலில் நிற்கிற அளவுக்கு. இரண்டு இலட்சத்தால் நான்கைந்து குடும்பங்களை அப்படி நிறுத்த முடியும். பத்துப் பேரின் ஸகாத் ஒன்று சேர்ந்தால் ஒரு தெருவையே தூக்கிவிட முடியும்.

சரி, நிறுவனம் பிழை செய்தால் உங்கள் கடமை என்னவாகும்? இந்தக் கேள்வியை நீங்கள் கேட்டது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆட்சியாளர் ஸகாத் வசூலித்த காலத்தில், அவருடைய ஆளிடம் கொடுத்ததுமே கடமை நீங்கிவிடும். இங்கே அந்த ஏற்பாடு இல்லை. நீங்கள் கொடுக்கிற நிறுவனம் உங்கள் பிரதிநிதி மட்டும்தான். உரியவரின் கைக்குப் போய்ச் சேருகிற வரைக்கும் உங்கள் பொறுப்பு தீராது. நடுவில் பணம் தொலைந்தால் நீங்கள் திரும்பக் கொடுக்க வேண்டும் என்பதுதான் நம் மத்ஹபின் பொதுவான நிலை. அதனால்தான் சொல்கிறேன், 'நம்பிக்கையானவர்கள்' என்று நாலு பேர் சொன்னால் போதாது. நேரே போய்க் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

ஸகாத்துக்குத் தனி வங்கிக் கணக்கு இருக்கிறதா, அல்லது விரும்பிக் கொடுக்கிற சதக்கா, நோன்புப் பெருநாள் தர்மமான ஃபித்ரா, குர்பானிப் பணமான உழ்ஹிய்யா எல்லாம் ஒரே பெட்டியில் விழுகிறதா என்று முதலில் கேளுங்கள். சதக்காவால் கிணறு தோண்டலாம், வகுப்பறை கட்டலாம். ஸகாத் எட்டுக் கூட்டத்தாருக்கென்று சூரா தவ்பாவின் 60ஆம் வசனத்திலேயே பங்கு பிரிக்கப்பட்ட பணம். பள்ளிவாசலுக்கு டைல்ஸ் போடவோ, மண்டபம் எழுப்பவோ அதைத் தொடக்கூடாது என்பதில் பெரும்பாலான அறிஞர்கள் ஒன்றாக நிற்கிறார்கள். ஏழையின் கையில், அவருடைய சொந்தமாகப் போய்ச் சேர வேண்டும். அலுவலக வாடகை, சம்பளம் எல்லாம் இந்தப் பணத்திலிருந்து போகிறதா, வேறு நன்கொடையிலிருந்தா என்றும் கேளுங்கள். வந்த பணம் எத்தனை மாதத்தில் வெளியே போகிறது என்பதை மறக்காமல் கேளுங்கள். வருடக் கணக்காக நிலையான வைப்பில் கிடக்கிற ஸகாத்தால் யாருக்குப் பயன்? கணக்காய்வு அறிக்கை கேட்டால் சந்தோஷமாக எடுத்துக் காட்டுகிறவர்களாக இருக்க வேண்டும். பதிவையும் பாருங்கள். பள்ளிவாசல் என்றால் 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்க வக்ஃபு சட்டத்தின் கீழ் பதிவு இருக்கும். தொண்டு நிறுவனங்களில் பல, 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தன்னார்வ சமூக சேவை அமைப்பாகப் பதிவு செய்தவை. பதிவு மட்டும் நேர்மைக்கு உத்தரவாதமில்லை. ஆனால் பதிவே இல்லாத ஒரு வாட்ஸ்அப் குழுவுக்கு, யாரோ ஒருவரின் சொந்தக் கணக்கு இலக்கத்துக்கு, ஸகாத்தை அனுப்பாதீர்கள்.

கடைசியாக அவர்களுடைய பேஸ்புக் பக்கத்தைப் போய்ப் பாருங்கள். உலர் உணவுப் பொதியைக் கையில் கொடுத்து, தலையைக் குனிந்து நிற்கிற பெண்ணின் முகத்தைப் படம் எடுத்துப் போட்டிருந்தால், மற்றக் கேள்விகளுக்கு அவர்கள் எவ்வளவு நன்றாகப் பதில் சொல்லியிருந்தாலும் நான் கொடுக்கமாட்டேன். இதில் எனக்குக் கோபம் உண்டு, அதை மறைக்கவும் விரும்பவில்லை. அந்தப் பெண்ணின் பிள்ளை படிக்கிற பள்ளிக்கூடத்திலும் அந்தப் படத்தைப் பார்ப்பார்கள்.

உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில், விசாரித்துக் கொடுக்கிற கூட்டு ஸகாத் குழு ஒரு பள்ளிவாசலில் இருந்தால், பெரிய நிறுவனத்தைவிட அதற்கே முதலிடம் கொடுங்கள். நபி ரசூலுல்லாஹ் தம் தோழர் முஆத் இப்னு ஜபலை யமனுக்கு அனுப்பியபோது, அந்த ஊராரின் செல்வந்தரிடம் எடுத்து அந்த ஊராரின் ஏழைகளுக்கே கொடுக்கச் சொன்னார்கள். கடற்கரைப் பக்கத்து மாடி வீடுகளிலிருந்து பார்த்தால் தெரியாத வறுமை தெஹிவளையின் ஒழுங்கைகளிலேயே இருக்கிறது.

நகையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் ஒரு வரி. 85 கிராம் தங்கத்தின் பெறுமதி, அதாவது பத்தரைப் பவுணுக்குச் சற்றுக் கூட, சேமிப்பாக ஒரு சந்திர வருடம் இருந்தால் இரண்டரை வீதம். அணிவதற்கென்று வைத்திருக்கிற நகைக்கு ஷாபி மத்ஹபில் ஸகாத் இல்லை, ஹனபி மத்ஹபில் உண்டு. சேமிப்பாக வாங்கி வைத்த தங்கக் காசு, கட்டி என்றால் கட்டாயம் கணக்கில் வரும். உங்கள் பள்ளிவாசல் ஆலிமிடம் பட்டியலைக் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

தங்கைக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் நம் ஸகாத்தைக் கொடுக்க முடியாது. அவர்களைப் பராமரிப்பது நம் மேல் ஏற்கெனவே கடமை. தங்கையின் குடும்பம் தேவையில் இருந்தால், அவளுக்குக் கொடுப்பதில் தர்மத்தின் கூலியும் உறவைச் சேர்த்த கூலியும் இருக்கிறது என்று ஹதீஸிலேயே வந்திருக்கிறது. அவளுக்கு நிறுவனம் வேண்டாம், நீங்களே கொடுங்கள். ஸகாத் என்று அவளிடம் சொல்ல வேண்டிய அவசியமில்லை. உங்கள் மனதில் நிய்யத் இருந்தால் போதும். மச்சானுக்கு என்ன வேலை தெரியும் என்று கேளுங்கள். ஓட்டோ ஓட்டத் தெரியுமா, ஏசி திருத்தத் தெரியுமா? இமாம் நவவி சொன்ன கருவி அவருக்கு எது என்று பாருங்கள்.

கேற்றுக்கு வருகிறவர்களை வெறுங்கையோடு அனுப்பச் சொல்லவில்லை. அதற்குச் சதக்கா இருக்கிறது. வாசலுக்கு வருகிறவர் முஸ்லிமா, தமிழரா, சிங்களவரா என்று சதக்காவுக்குப் பார்க்கத் தேவையில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொப்பி வாங்கவும் அதிலிருந்து எடுக்கலாம். வருடா வருடம் வருகிற முகங்களில் யாருக்கு நிரந்தரத் தேவை இருக்கிறதென்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவர்களுடைய விலாசத்தைக் கேட்டு எழுதி, குழுவிடம் கொடுங்கள்.

வருடம் ரஜபில் முடிகிறதென்றால் ரஜபிலேயே கொடுத்துவிடுங்கள். காரணமில்லாமல் தள்ளிப்போடக்கூடாது. ரமழானில் கொடுக்க ஆசையென்றால் முந்திய ரமழானிலேயே முன்கூட்டிக் கொடுக்கலாம், அதற்கு அனுமதி இருக்கிறது. அடுத்த வருடத்துக்கான ஸகாத்தை இப்போதிருந்தே மாதாமாதம் கொஞ்சமாக முன்கூட்டிக் கொடுத்து, ரஜபில் கணக்கை நேராக்கினாலும் சரிதான். முஹர்ரம், ஸபர் மாதங்களில் வீட்டு வாடகை கட்ட வேண்டியிருக்கிறவர்களுக்கு அது பெரிய உதவி. பள்ளிவாசல் குழுக்களிடம் ரமழான் முடிந்து நாலைந்து மாதத்தில் பெட்டி காலியாகிவிடுகிறது. அப்போது விண்ணப்பத்தோடு வருகிறவர்களிடம் 'நோன்புக்குப் பிறகு வாருங்கள்' என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறார்கள்.