பதில்: வெள்ளவத்தை தொடர்மாடி பால்கனியில் இரண்டு கஞ்சாச் செடி வைக்கலாமா?

முடியாது. சாடியில் ஒரே ஒரு செடி என்றாலும் குற்றம்தான். இலங்கையில் நச்சுப்பொருள், அபின் மற்றும் அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. உங்கள் சொந்தப் பாவனைக்கு என்று சொல்லித் தப்பவும் முடியாது.

"அரசாங்கம் அனுமதி கொடுத்துவிட்டதே" என்று கேட்டிருக்கிறீர்கள். அநேகமாக 2025 இல் வந்த செய்தியைத்தான் பார்த்திருப்பீர்கள். அது மருத்துவக் கஞ்சா ஏற்றுமதிக்காக முதலீட்டாளர்களுக்குக் கொடுத்த அனுமதி, வீட்டுக்காரருக்கு அல்ல.

அடுத்த முறை இப்படிச் செய்தி வந்தால், வர்த்தமானியில் சட்டமூலம் வெளியாகியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு சபாநாயகர் அதில் சான்றுரை எழுதினாரா (அப்போதுதான் அது சட்டமாகும்) என்று பாராளுமன்ற இணையதளத்தில் தேடுங்கள். அது இல்லையென்றால் அமைச்சர் மேடையில் சொன்னது வெறும் பேச்சு.

கனடாவில் மச்சான் வளர்க்கிறார் என்கிறீர்கள், சரி. ஆனால் அங்கேயும் ஒரே நாளில் நடக்கவில்லை. 2015 தேர்தலில் வாக்குறுதி, 2017 ஏப்ரலில் சட்டமூலம், செனட்டில் இழுபறி, 2018 ஒக்டோபர் 17 இல்தான் நடைமுறை. வீட்டுக்கு நான்கு செடி. அதையும் கியூபெக் மாகாணம் தடுத்து, 2023 இல் உச்ச நீதிமன்றத்திலும் வென்றது. மத்திய அரசே அனுமதித்த பிறகும் இந்தக் கதை!

ஒன்று மட்டும் கவனம்: ஆயுள்வேத மருந்துக்கு இங்கே இடமுண்டு, ஆனால் அது பதிவு பெற்ற வைத்தியர் வழியாக. மச்சானிடம் விதை அனுப்பச் சொல்லாதீர்கள், சுங்கத்தில் பிடிபட்டால் பெயர் உங்களுடையது. ஏற்கெனவே செடி வைத்திருந்தால், இங்கே எழுதாமல் ஒரு சட்டத்தரணியிடம் நேரில் பேசுங்கள்.