டிஸ்சார்ஜுக்கு முன்பே தொடங்க வேண்டிய வேலை

கேள்வி: வேலூர் மாவட்டத்தைச் சேர்ந்த நான் பிளஸ் டூ முடித்துத் தரைப்படையில் டிரைவராகச் சேர்ந்து 19 ஆண்டுகள் ஆகின்றன. வயது 38. பத்து மாதத்தில் ஓய்வு. வங்கி கிளார்க் வேலைக்கு ஆசை. ஆனால் டிகிரி இல்லை. செக்யூரிட்டி வேலைதான் கிடைக்கும் என்கிறார்கள். ஊருக்கு வந்தபின் முயன்றால் போதுமா?

பதில்: ஊருக்கு வரும்வரை காத்திருக்காதீர்கள். ஓய்வுக்கு ஓராண்டு இருக்கும்போதே முன்னாள் படைவீரர் ஒதுக்கீட்டில் விண்ணப்பிக்க விதி அனுமதிக்கிறது. பொதுத்துறை வங்கிகளின் கிளார்க் பணியிடங்களில் இந்த ஒதுக்கீடு 14.5 சதவீதம், அதில் 4.5 சதவீதம் ஊனமுற்ற முன்னாள் படைவீரர்களுக்கும் போரில் உயிரிழந்தோரின் குடும்பத்தினருக்கும் உரியது. வயது உங்களுக்குத் தடையே அல்ல. பொது வரம்பான 28 வயதுடன் உங்கள் பணிக்காலம் 19 ஆண்டுகளையும் கூடுதலாக 3 ஆண்டுகளையும் சேர்த்தால் 50 வருகிறது. உச்ச வரம்பும் அதுவே.

டிகிரியைப் பற்றியும் கலங்க வேண்டாம். பத்தாம் வகுப்புத் தேறி, 15 ஆண்டுகளுக்குக் குறையாமல் பணியாற்றியவருக்குப் படை வழங்கும் கல்விச் சான்றிதழைப் பட்டப்படிப்புக்கு இணையாக வங்கித் தேர்விலும், தொழில்நுட்ப அனுபவம் தேவைப்படாத மத்திய அரசின் குரூப் சி பணிகளிலும் ஏற்கிறார்கள். உங்கள் பணிப் பதிவுகளைப் பராமரிக்கும் ரெக்கார்ட் ஆபீஸிலிருந்து அதை இப்போதே கேட்டு வாங்குங்கள். உண்மையான இடர் வேறிடத்தில் இருக்கிறது: கிளார்க் பணிக்கு மாநில மொழியில் எழுதவும் படிக்கவும் தெரிய வேண்டும். பத்தொன்பது ஆண்டுகள் இந்தியிலேயே பேசிக் கழித்த பலர், கணக்கில் நன்றாகச் செய்துவிட்டு, ஒரு பத்தி தமிழ் எழுதத் திணறுவதைப் பார்த்திருக்கிறேன். தினமும் ஒரு பக்கம் எழுதிப் பழகுங்கள்.

ஓய்வுபெறும் படைவீரர்களை வேறு வேலைக்குத் தயார்செய்யும் மத்திய அரசின் மறுகுடியமர்வு இயக்குநரகம் நடத்தும் பயிற்சிகளில் அதிகாரிகள் அல்லாத படைவீரர்களுக்குக் கட்டணம் இல்லை. யூனிட் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். செக்யூரிட்டி பயிற்சியைவிடச் சரக்குப் போக்குவரத்து மேலாண்மையை எடுப்பது உங்களுக்குப் பொருந்தும் என்பது என் கருத்து. தனியார் நிறுவனத்துக்கு அனுப்பும் விவரக்குறிப்பில் 'டிரைவர் எம்.டி.' (மெக்கானிக்கல் டிரான்ஸ்போர்ட்) என்று மட்டும் எழுதினால் அங்கே யாருக்கும் விளங்காது. கார் டைரி (வண்டியின் ஓட்டப் பதிவேடு) எழுதியது, எரிபொருள் கணக்கு வைத்தது, மலைப்பாதையில் கான்வாயில் (வாகன அணியில்) வண்டி ஓட்டியது, எத்தனை வண்டிகளின் பராமரிப்பைக் கவனித்தீர்கள் என்பது எல்லாவற்றையும் எண்ணிக்கையோடு எழுதுங்கள்.

ஓய்வு பெற்றதும் டிஸ்சார்ஜ் புத்தகத்துடன் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குச் சென்று, அடையாள அட்டைக்கு விண்ணப்பித்து, வேலைவாய்ப்புக்கும் பதிந்துகொள்ளுங்கள்.

இன்னொன்றைப் பலரும் தாமதமாகத்தான் அறிகிறார்கள். ஒதுக்கீட்டில் ஒரு மத்திய அரசு வேலையில் சேர்ந்துவிட்டால் மறுமுறை அந்த ஒதுக்கீடு பொதுவாகக் கிடைக்காது. ஆனால் சேருவதற்கு முன்பே வேறு பணிகளுக்கும் விண்ணப்பித்திருந்து, சேர்ந்த உடனேயே அந்த விண்ணப்பங்களின் விவரத்தைத் தேதி வாரியாக அலுவலகத்தில் எழுத்து மூலம் கொடுத்துவிட்டால், அந்தப் பணிகளுக்கு உரிமை நீடிக்கும் என்று 2014 ஆகஸ்டில் வெளியான மத்திய அரசின் குறிப்பாணை சொல்கிறது. எனவே ஒவ்வொரு விண்ணப்பத்தின் ரசீதையும் அச்செடுத்து ஒரே கோப்பில் வையுங்கள். பணியில் சேரும் நாளன்று அந்தக் கோப்பும் கையில் இருக்கட்டும்.